பதினான்கு புள்ளி ஒன்று

வில்லைத் துணியில் சுற்றிக்கொண்டு
வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினால்
நடத்துநர் கேட்கிறார்:
'எந்தக் கோயில் கொடைக்குப் போறீய?
குடத்துக்காரர் வரலியா?'
இந்தச் சீமையில் வில் என்றால் பாட்டு.
முன்னீர்பள்ளம் ஒன்று என்று
சில்லறையை நீட்டுகிறேன்.

நான் எடையளவு ஆய்வாளர்.
படிக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்து
அடி ஈயத்தில் முத்திரை குத்துகிறவள்.
எண் கூடினால் கனம் கூட வேண்டும்,
என் சம்பளமே அதில்தான்.

கார்பன் தண்டில் ஐந்நூறு என்றும் அறுநூறு என்றும்
அச்சிட்டிருந்தது.
அறுநூறுதான் விறைப்பு என்று நினைத்து
அரை டஜன் வாங்கிவிட்டேன்.
அது வளைவின் எண்.
எவ்வளவு தாங்கும் என்பதல்ல,
எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பது.
பதினெட்டு வருட உத்தியோகம்
ஒரு நிமிஷம் தலைகீழாக நின்றது.

வெள்ளி பிற்பகல்
மேலப்பாளையம் மசூதின் லேத் பட்டறை.
இருபத்தெட்டு அங்குலம் தள்ளி இரண்டு தாங்கி,
நடுவே ஒரு கொக்கி.
தொங்கவிட வேண்டியது எண்ணூற்றி எண்பது கிராம்:
அரைக்கிலோ, இருநூறு, நூறு,
ஐம்பது, இருபது, பத்து.
(அந்தப் பத்தில் கொஞ்சம் தேய்மானம் உண்டு.
வேறு யாருடையதாக இருந்தாலும் பறிமுதல் செய்திருப்பேன்.)
மசூது வெர்னியரைப் பிடித்துக்கொண்டு
மூச்சை நிறுத்தி வாசித்தான்.
ஐந்நூறு: பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டர்.
அறுநூறு: பதினைந்து புள்ளி இரண்டு.
இன்னொரு அறுநூறு,
அவன் மலிவாக வாங்கிய ஒற்றைத் தண்டு:
பதினான்கு புள்ளி ஒன்று.
திரும்பத் தொங்கவிட்டோம்.
தண்டை உருட்டித் தொங்கவிட்டோம்.
பதினான்கு புள்ளி ஒன்று.
'கேஸ் போடுங்க யக்கா' என்றான்.
அளவுச் சட்டத்தில்
அம்புக்குப் பிரிவு தேடினேன், கொஞ்ச நேரம், நிஜமாகவே.

ஆனி மாதம். செங்கோட்டைக் கணவாய் திறந்துவிட்ட காற்று
ஏழரைக்கெல்லாம் வந்துவிடும்.
அதற்கு முன்னால்
வற்றிய குளத்துக்குள் வைக்கோல் சாக்கைச் சாத்தி
பதினெட்டு கஜம் எட்டு வைத்தோம்.
இறகு ஒட்டாத மொட்டைத் தண்டுகள்;
இறகு இருந்தால் அது எல்லாப் பொய்யையும் மூடிவிடும்.

எங்கள் வில்லில் அம்புக்கு ஜன்னல் கிடையாது.
கைப்பிடி நேர் எதிரே நிற்கிறது,
ரத வீதியை அடைத்து நிற்கும் தேரைப் போல.
சைக்கிள்காரன் இடுப்பை ஒடித்து
வடத்தையும் தாண்டி
அந்தப் பக்கம் போய் நிமிர்கிறானே,
அம்பு போவதும் அப்படித்தான்.
வளையத் தெரியாதது தேரில் முட்டி
இடது பக்கம் தெறிக்கும்.
ரொம்ப வளைவது வலது பக்கம் வழுக்கும்.

நான் ஐந்தடி ஒன்பது. மசூது ஐந்தடி மூன்று.
ஒரே வில். என் கை இழுக்கிற தூரத்துக்கு
நாற்பத்திரண்டு பவுண்டு கொடுக்கிறது,
அவன் கைக்கு முப்பத்தைந்து.
ஐந்நூறு எனக்கு நடுச்சாக்கில் ஏறியது.
அவனுக்கு இடது பக்கம் பறந்து கருவேலத்துக்குள் போனது.
அறுநூறு அவனுக்குச் சொன்னபடி கேட்டது.
எனக்கு வலது பக்கம், ஒரு முழம்.
அந்தப் பொய் அறுநூறு மட்டும்
எனக்கு நாலு விரல் வலம்,
அவனுக்கு நாலு விரல் இடம்.
இரண்டு பேருக்கும் ஆகாமல்
இரண்டு பேருக்கும் கிட்டத்தில்.

நுனியை வெட்டட்டுமா என்றான்.
வெட்டினால் எனக்கு விறைக்கும், சரியாகும்.
ஆனால் தண்டு அவனுடையது.
வெட்டியதை ஒட்ட முடியாது.

திங்கட்கிழமை வந்தேன்.
பித்தளையில் ஒரு திருகு கடைந்து வைத்திருந்தான்.
என் மேஜைத் தராசில் வைத்தோம்: ஐந்து கிராம்.
முனை கனத்தால் முதுகு இளகும்.
மறுநாள் விடியலில் எய்தான்.
இடப்பக்க நாலு விரல் ஒன்றானது.
'போதும்' என்றான்.
ஒரு விரலுக்கு நான் கடைகளைப் பூட்டியிருக்கிறேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

காற்று வந்துவிட்டது. வைக்கோல் கிளம்பியது.
மார்க்கரால் அறுநூறை அடித்துவிட்டு
பதினான்கு புள்ளி ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன்.
பழக்கத்தில் கை
பைக்குள் முத்திரையைத் தேடிற்று.
எங்கே குத்துவது?
தண்டு உருண்டை. யார் இழுக்கிறார் என்பதும்
அதில் எழுதியிருக்கவில்லை.

மசூது கருவேலத்துக்குள் குனிந்து
என் ஐந்நூறைத் தேடிக்கொண்டிருந்தான்,
முள்ளுக்கு முள் உடம்பை ஒடித்து ஒடித்து.